சார்பாக ஒரு பொன்னாடை

பக்கிரிசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாவதற்குள் ஒரு பொன்னாடை வாங்கியே தீருவது.

கடையில் வாங்குவதைச் சொல்லவில்லை. அது யாருக்கும் கிடைக்கும். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாலு பேர் கைதட்ட வேண்டும். தோளில் வந்து விழ வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவனாகச் சிவநேசனும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கைதட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி. பார்த்தால் போதும். வயிறு எரிந்தால் ரொம்ப நல்லது.

இந்த முடிவுக்குக் காரணம், அன்று காலை பசியாறும் நேரத்தில் இராஜம்மாவின் கைப்பேசியில் வந்து விழுந்த ஒரு செய்தி.

"என்னங்க, மேல்மாடியில இந்த மாசம் என்னென்ன இருக்குன்னு அனுப்பிட்டாங்க."

"அவன் வருவானா?"

"எவன்?"

"பேரைச் சொல்ல மாட்டேன்."

"பேரைச் சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

"எதிர் வீடு."

"எதிர் வீட்டுல பூனைகூடத்தான் இருக்கு."

"அந்தப் பூனைகூடப் பேசிட்டுப் போயிருவேன். அவன்கூடப் பேச மாட்டேன்."

மேல்மாடி என்பது பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டு மாடி ஏறினால் வரும் கூடம். நாலைந்து இளசுகள் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒரு வாரம் பறை அடிப்பார்கள். ஒரு வாரம் நாடகம். ஒரு வாரம் ஆவணப்படம். எது நடந்தாலும் முடிந்ததும் கூட்டத்தில் உள்ளவர்கள் கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கென்றே முன்வரிசையில் வந்து உட்காருபவர் சிவநேசன். ஓய்வு பெற்ற ரயில்வே கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதியவர். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் கீழே சாப்பாட்டுக் கடையில் ரசம் ஆறிவிடும்.

இராஜம்மாவை மகள் ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அன்றிலிருந்து இராஜம்மாவுக்கு அந்த இடத்தின் மேல் பைத்தியம். ஆனால் வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து போக வேண்டும். வாரக் கடைசியில் ரயிலுக்குக் காத்திருந்தே கால் வீங்கிவிடும். காரில் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் பக்கிரிசாமி. சிவநேசன் மூச்சு விடுகிற கூடத்தில் தான் மூச்சு விட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கும் மேல்மாடிக்கும் என்ன சம்பந்தம்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவாள் இராஜம்மா.

இப்போது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "வெள்ளிக்கிழமை உறுமியும் பறையும். சனிக்கிழமை ஒரு ஆவணப்படம். அதுக்கு அடுத்த சனி நாடகம், ஒரே பொண்ணு பதினோரு வேஷம் போடுதாம். கடைசி வாரம் கிள்ளான் ஆத்தைப் பத்தி ஒரு படம்."

"கிள்ளான் ஆத்தைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போகணுமா? பாலத்துல நின்னா சும்மாவே தெரியும். மூக்கைப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்."

"எனக்குப் பதினோரு வேஷம் பார்க்கணுங்க."

"ஒரே ஆளு பதினோரு வேஷம் போடறதுக்கு டிக்கெட் எதுக்கு? சன்னலைத் திறந்து எதிர் வீட்டைப் பாரு."

"சரி, அது போகட்டும். சனிக்கிழமைப் படம் எதைப் பத்தின்னு கேட்கலையே?"

"எதைப் பத்தி?"

"லோரியைப் பத்தி. போர்ட் கிள்ளான் லோரிக்காரங்க. போன வருஷம் கேமராவைத் தூக்கிட்டு ரேஷ்மான்னு ஒரு பொண்ணு வந்துச்சே, மத்தியானம் முழுக்க நீங்க பேசினீங்களே, அந்தப் படம்."

பக்கிரிசாமி தோசையை அப்படியே வைத்தார்.

"என் படமா?"

"லோரிப் படம்."

"அதான் என் படம்."

சிவநேசன் வருவான். முன்வரிசையில் உட்காருவான். திரையில் பக்கிரிசாமி. திரை அணைந்ததும் நேரில் பக்கிரிசாமி. தோளில் பொன்னாடை. மீதித் தோசை உள்ளே போவதற்குள் திட்டம் முழுதாகத் தயாராகிவிட்டது.

"சனிக்கிழமை போறோம்" என்றார்.

"அப்ப அடுத்த சனி நாடகத்துக்கு?"

"முதல்ல என் படம் ஓடட்டும்."

அவருடைய கோபம் நியாயமான கோபம். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இருபது வருஷத்துக்கு முன்பு அவர்கள் குடியிருக்கும் தாமானில் அம்மன் கோயில் கும்பாபிஷேகம். கருங்கல் தூண்கள் கப்பலில் வந்து போர்ட் கிள்ளானில் இறங்கின. கோயில் இருந்ததோ லோரி நுழையாத சந்து. வேறு லோரிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், போய்விட்டார்கள். பக்கிரிசாமி மட்டும் ரிவர்ஸிலேயே உள்ளே விட்டார். ஒரு பக்கம் சாக்கடை. இன்னொரு பக்கம் ஒரு சீனர் வீட்டு மதில். மதிலில் ஒரு கீறல் விழாமல் தூண்களைக் கொண்டுபோய் அம்மன் வாசலில் இறக்கினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய உயிர்க் கூட்டாளி சிவநேசன். சிவநேசன் செய்த உதவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டது.

கும்பாபிஷேகம் முடிந்து நன்றி விழா வைத்தார்கள். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் வந்திருந்தார். நடுவில் மைக் அலறியது. "பி.டி.கே. நம்பர் லோரி டத்தோவின் காரை மறைத்துக்கொண்டு நிற்கிறது, உடனே எடுக்கவும்." பக்கிரிசாமி வெளியே ஓடினார். லோரியை எடுத்து, வேறு இடம் தேடி, நிறுத்திவிட்டு, வியர்த்துப்போய்ப் பந்தலுக்குள் நுழைந்தார். மேடையில் டத்தோ. டத்தோவின் கையில் பொன்னாடை. பொன்னாடைக்குள் சிவநேசன்!

கையைக் கூப்பிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை மாதிரி நின்றார். கூட்டம் கைதட்டியது.

பக்கிரிசாமி திரும்பி வீட்டுக்கு வந்தவர்தான். அன்றிலிருந்து சிவநேசனோடு பேச்சு இல்லை. வாசலுக்கு நேர் எதிர் வாசல். முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக லோரியை ரிவர்ஸில் கொண்டுவந்து ரிவர்ஸில் கொண்டுபோன காலமும் உண்டு. கோபப்படுவது யாருக்கும் வரும். அதைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்க உழைக்க வேண்டும். பக்கிரிசாமி உழைத்தார்.

அந்தக் கோபத்துக்கு அவர் கொடுத்த விலையும் சாதாரணம் அல்ல. அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் தஞ்சோங் ஹராப்பானுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். சனி போனால் ஞாயிறுதான் வருவார்கள். அந்த அலைக்கரையில்தான் அவருடைய ஜப்பான் தூண்டிலை ஒரு சியாக்காப் மீன் இரண்டாக உடைத்துக்கொண்டு போனது. அவர் நுரை பொங்கும் தே தாரிக் டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தூண்டில் சிவநேசனிடம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு துண்டு. "சியாக்காப் ஐசே, இவ்வளவு பெரிசு!" என்று, வாய்க்கு வாய் 'ஐசே' போடும் சிவநேசன் கையை விரித்துக் காட்டினார். பிறகு பக்கிரிசாமி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தூண்டில் அவர் கைக்கே வந்துவிட்டது. மீனும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வந்தது. இப்போது அது நம்மில் யாரையும் விழுங்கிவிடும்.

வியாழக்கிழமை பக்கிரிசாமி, "கார்ல ஒரு சத்தம் வருது, வொர்க்ஷாப்புக்குப் போறேன்" என்று வீட்டில் சொன்னார்.

"என்ன சத்தம்?"

"கடகடன்னு."

"அது எனக்கு ரொம்ப நாளா கேட்குது. காருக்கு வெளியவும் கேட்குது."

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடைக்குப் போய்ப் பொன்னாடை எடுத்தார். கரையில் ஒரு சாண் ஜரிகை. அதைக் காரில் போட்டுக்கொண்டு நேராகப் பிரிக்பீல்ட்ஸ். மேல்மாடியின் படிக்கட்டில் பிரவின் என்ற இளைஞன் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். தலையில் கொண்டை போட்டிருந்தான்.

"தம்பி, சனிக்கிழமை லோரிப் படம் முடிஞ்சதும் இதை எனக்குப் போடணும்."

"என்ன அங்கிள் இது?"

"பொன்னாடை."

"யார் குடுத்தது?"

"நீங்க குடுக்கப்போறது. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு நானே கொண்டாந்துட்டேன்."

பிரவின் பையைத் திறந்து பார்த்தான். மூடினான். "அங்கிள், இங்க பொன்னாடை எல்லாம் பழக்கம் இல்ல லா. மேடையே கிடையாது. எல்லாரும் தரையில குஷன் போட்டு உக்காருவோம்."

"தரையில உக்காந்தா தோளு இருக்காதா?"

"இருக்கும் அங்கிள்."

"அப்புறம் என்ன?"

"யார் போடறது?"

"யார் வேணாலும் போடலாம். முன்வரிசையில ஒருத்தன் ரயில்வே மூஞ்சியோட உக்காந்திருப்பான். அவன் மட்டும் போடக் கூடாது. அவன் பார்க்கணும்."

"ஆன்டிக்கு இது தெரியுமா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா சிரிப்பா."

பிரவின் தலையை ஆட்டினான். நல்ல பிள்ளை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. பக்கிரிசாமி கீழே போய் நிம்மதியாக வாழை இலையில் சாப்பிட்டார். அவர் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மேலே பிரவின் போனில் "ஆன்டி, ஒரு பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை இராஜம்மா சமைக்கும்போது பாட்டை முணுமுணுத்தாள். படுக்கையறையில் பாச்சை உருண்டை வாசனை வந்தது. மத்தியானம் "பூ வாங்கப் போறேன்" என்று போனவள் ரொம்ப நேரம் கழித்து வந்தாள், பூ இல்லாமல். இவற்றில் எதையும் பக்கிரிசாமி கவனிக்கவில்லை. அவர் கண்ணாடி முன் நின்று தலையைக் குனிந்து கை கூப்பிப் பழகிக்கொண்டிருந்தார். ரொம்பக் குனிந்தால் பணிவு தெரியும், முகம் தெரியாது. முகம் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை மாலை. பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பது சாமி வரம் கொடுத்தால்தான். கிடைத்தது. ஒரே ரிவர்ஸில் உள்ளே விட்டார்.

"ஒழுங்கா நிறுத்திட்டீங்களா?"

"கோட்டுக்குள்ள நிக்குது. ஸ்கேல் வெச்சு வேணா அளந்து பாரு."

மேலே கூடம் நிறைந்திருந்தது. குஷனில் உட்காருவதற்கு அவருடைய முட்டிகள் சம்மதிக்கவில்லை. ஒரு கை சுவரில், ஒரு கை இராஜம்மாவின் தலையில். ஒருவழியாக உட்கார்ந்தபோது எதிர்பார்த்தபடி முன்வரிசையில் சிவநேசனின் முதுகு. பக்கத்தில் சிவநேசனின் மனைவி கௌசலா. கௌசலா திரும்பிப் பார்த்தாள். இராஜம்மா கண்ணைச் சிமிட்டினாள். கௌசலா திரும்பிக்கொண்டாள். இதையும் அவர் கவனிக்கவில்லை.

படம் ஆரம்பித்தது. கப்பல் வந்தது. கிரேன் வந்தது. கன்டேய்னர் வந்தது. யார் யாரோ லோரிக்காரர்கள் வந்தார்கள். பக்கிரிசாமி வரவில்லை. பாதிப் படத்தில் ஸ்டீயரிங் மேல் ஒரு கை வந்தது.

"அது என் கை!"

"ஷ்ஷ்" என்றது கூடம்.

தன் வாழ்க்கை, டீசல் விலை, சாலை வரி, சிவநேசனின் துரோகம் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருந்தார். அதில் படத்துக்குள் வந்தது அந்தக் கையும், சியாக்காப் மீன் கதையும். மீன் கதைக்குக் கூடம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. பக்கிரிசாமி கழுத்தை நீட்டி முன்வரிசையைப் பார்த்தார். சிவநேசனின் முதுகு என்னவோ குலுங்கியது.

அடுத்த காட்சியில் திரை முழுக்கச் சிவநேசன்.

பக்கிரிசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவனுக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம்? திரையில் இருந்த சிவநேசன் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். மாலை போட்ட ஒரு லோரி. லோரிக்குப் பக்கத்தில், தலை நிறைய முடியோடு பக்கிரிசாமி.

"இது என் கூட்டாளி பக்கிரிசாமி" என்றார் திரையில் சிவநேசன். "கோயில் தூணை எல்லாம் இவன்தான் இறக்கினான். இப்ப என்கூடப் பேச மாட்டான். பரவாயில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் ஐசே, இந்தப் போர்ட் கிள்ளான்ல அவனை மாதிரி ரிவர்ஸ் எடுக்க இன்னொருத்தன் பொறந்து வரணும்."

பக்கிரிசாமியின் நெஞ்சுக்குள் ஏதோ நகர்ந்தது. உடனே ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். நைசாகப் பேசி ஏமாற்றப் பார்க்கிறான். பொன்னாடை விழட்டும், அப்புறம் பார்க்கலாம்.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. பிரவின் மைக்கைப் பிடித்தான். பக்கிரிசாமி சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ஒரு சின்ன அறிவிப்பு. கீழே வெள்ளி நிற சாகா கார், டபிள்யூ.ஆர்.எல். நம்பர், வழியை மறைச்சுக்கிட்டு நிக்குதாம். காரோட ஓனர் தயவுசெஞ்சு உடனே எடுங்க."

பக்கிரிசாமியின் கை காலரிலேயே நின்றது.

"என்னங்க, நம்ம காரு" என்றாள் இராஜம்மா.

"தெரியும்."

"போய் எடுங்க."

"மாட்டேன்."

"இழுத்துட்டுப் போயிருவாங்க."

"போகட்டும். இந்த முறை நான் எழுந்திருக்க மாட்டேன். காரே போனாலும் சரி."

கூடம் காத்திருந்தது. பிரவின் நம்பரை இன்னொரு முறை படித்தான். பக்கிரிசாமி இரண்டு கையாலும் குஷனைப் பிடித்துக்கொண்டார். அப்போது ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். சிவநேசன். இருபது வருஷமாக முதுகையே காட்டிய மனிதன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கையை நீட்டினார்.

மைக்கில் கார் நம்பர் படித்தால் பக்கிரிசாமி ஏன் எழுந்திருக்க மாட்டார் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

பக்கிரிசாமி சாவியை அந்தக் கையில் வைத்தார். பேசாமல் சாவி கொடுப்பது பேச்சு ஆகாது. சிவநேசன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

"இப்ப ஒரு சின்ன மரியாதை" என்றான் பிரவின்.

வந்துவிட்டது! பக்கிரிசாமி எழ ஆரம்பித்தார். அவர் எழுவது ஒரு நீண்ட வேலை. பேர் சொன்ன பிறகு ஆரம்பித்தால் நேரமாகிவிடும். அதனால் இப்போதே ஒரு முட்டியை ஊன்றினார். சுவரைப் பிடித்தார்.

"இந்தப் படத்துக்கு வேண்டிய பழைய போட்டோ எல்லாம் பத்திரமா வெச்சிருந்து குடுத்தவரு," பிரவின் இழுத்தான், "சிவநேசன் அங்கிள். அவருக்கு ரேஷ்மா பொன்னாடை போடுவாங்க."

பாதி எழுந்திருந்த பக்கிரிசாமி அப்படியே நின்றார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. கூடத்தில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

"சிவநேசன் அங்கிள் இல்லையா?"

"அவரு காரை எடுக்கப் போயிருக்காரு தம்பி" என்றாள் கௌசலா. "அதோ நிக்கிறாரே, அவரோட கூட்டாளிதான். அவரே வாங்கிக்கட்டும்."

"நானா?"

"எவ்வளவு நேரம் அந்தப் பொண்ணு துணியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கும்? போங்க" என்று இராஜம்மா பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். அந்தத் தள்ளில் மீதிப் பாதியும் எழுந்துவிட்டார்.

ரேஷ்மா பொன்னாடையை விரித்தாள். தோளில் போட்டாள். கூடம் கைதட்டியது. பக்கிரிசாமியின் கைகள் பழக்கத்தில் தாமாகவே கூப்பிக்கொண்டன. மூக்கில் பாச்சை உருண்டை வாசனை ஏறியது. இது அவர் வாங்கிக் கொடுத்த பொன்னாடை இல்லை. ஒரு சாண் ஜரிகை எங்கே? கரையைப் பார்த்தார். கரையில் அவர்கள் தாமான் அம்மன் கோயில் பெயர். அதற்குக் கீழே 'கும்பாபிஷேகம்' என்று தையல் எழுத்து. இந்தத் துணியை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். ஆனால் இருபது வருஷமாகத் தினமும் நினைத்திருக்கிறார்.

வாசலில் சாவியோடு சிவநேசன் நின்றுகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக், கைதட்டல், பொன்னாடை, பார்க்கிற சிவநேசன். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் பக்கிரிசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சிவநேசா, தப்பா நினைக்காத" என்றார். பேசிவிட்டார்! "உன்னைத்தான்டா கூப்பிட்டாங்க. நீ வெளிய போயிருந்த. அந்தப் பொண்ணு துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதனால உன் சார்பாத்தான் நான்…"

அங்கேயே நின்றுவிட்டது. தன் வாயில் வந்தது தன் காதிலேயே விழுந்தது.

"இதைத்தான் ஐசே நான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்" என்றார் சிவநேசன். "பக்கிரிசாமி, பக்கிரிசாமின்னு திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. டத்தோ துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் எழுந்து போனேன். நீ பார்த்த. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட."

"அப்ப ஏன்டா என்கிட்ட குடுக்கல?"

"குடுக்கலையா? மறுநாள் காலையிலேயே கௌசலா மடிச்சு எடுத்துட்டுப் போய் உன் வீட்டுல குடுத்தாளே. வாங்கி வெச்சுக்கிட்டும் நீ பேசல. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு?"

"என் வீட்டுலயா? யாருகிட்ட?"

கூடம் முழுக்கத் திரும்பி இராஜம்மாவைப் பார்த்தது. இராஜம்மா சுவரில் ஒட்டியிருந்த நாடகப் போஸ்டரை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள். கௌசலாவும் அதே போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு ஐசே" என்று சாவியை நீட்டினார் சிவநேசன். "உன் காரு யாரையும் மறைக்கல. கோட்டுக்குள்ள அப்படியே பொட்டு வெச்ச மாதிரி நிக்குது."

பக்கிரிசாமி பிரவினைப் பார்த்தார். பிரவின் குனிந்து ஏதோ வயரைச் சுருட்டினான்.

சிவநேசன் பொன்னாடையை எடுத்து, உதறி, ஒழுங்காக மடித்து, மறுபடியும் பக்கிரிசாமியின் தோளில் போட்டார். "உன்னுதுதான். இந்தா, பிடி." கூடம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. பக்கிரிசாமிக்குக் கண் கலங்கியது. பாச்சை உருண்டைதான் காரணம் என்று அவர் பிற்பாடு சொன்னார்.

"படம் எடுத்த பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கௌசலா ஒரு பையிலிருந்து புத்தம் புதுப் பொன்னாடை ஒன்றை எடுத்து ரேஷ்மாவுக்குப் போட்டாள். கரையில் ஒரு சாண் ஜரிகை. பக்கிரிசாமி எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். வேறு என்ன செய்வது?

திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொன்னாடையைக் கழற்றாமலே கார் ஓட்டினார்.

"இருபது வருஷம்!" என்றார்.

"ம்."

"எங்க வெச்சிருந்த?"

"இரும்புப் பெட்டியில. அது மேலதான் நீங்க தினம் காலையில உக்காந்து சாக்ஸ் போடுவீங்க."

அவர் முன்னால் போன பஸ்ஸை முந்தினார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கௌசலா கொண்டாந்து குடுத்தது ஒரு சனிக்கிழமை. கல்யாணம் ஆகி முதல் தடவையா ஒரு சனிக்கிழமை நீங்க வீட்டுல இருந்தீங்க. கோபத்துல உக்காந்து ஒழுகிட்டிருந்த குழாயை ரிப்பேர் பண்ணீங்க. சரி, அடுத்த வாரம் சொல்லுவோம்னு விட்டேன். அடுத்த வாரம் பெரியவனை டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அதுக்கு அடுத்த வாரம் சின்னவளுக்கு சைக்கிள் பழக்கினீங்க. இப்படியே வாரா வாரம் தள்ளிப்போச்சு."

"இருபது வருஷமாவா?"

"நல்ல கோபங்க அது. நம்ம ரெண்டு பிள்ளையும் படிச்சு ஆளானதே அந்தக் கோபத்துலதான்."

"அந்தம்மாவுக்கும் இது தெரியுமா?"

"யோசனையே அவங்களோடதுதான். அவங்க வீட்டுலயும் குழாய் ஒழுகிட்டுத்தான் இருந்துச்சு."

பக்கிரிசாமி கோபப்பட முயன்று பார்த்தார். வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் வைத்துப் பழகிவிட்டார். வேறு இடத்துக்கு மாற்றத் தெரியவில்லை.

"நான் காரை எடுக்க எழுந்து போயிருந்தேன்னா? உன் திட்டம் எல்லாம் போயிருக்கும்ல?"

"நீங்களா எழுந்திருப்பீங்க? உங்களை எனக்குத் தெரியாதா? சிவநேசன் அண்ணன் எழுந்திருப்பாருன்னும் தெரியும்."

சுபாங் தாண்டியதும்தான் அவருக்கு ஒரு பதில் கிடைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. போனது போகட்டும். ஆனா ஒண்ணு. வர்ற சனிக்கிழமை நானும் சிவநேசனும் தஞ்சோங் ஹராப்பானுக்கு மீன் பிடிக்கப் போறோம். படி இறங்கும்போதே பேசி முடிச்சாச்சு. யாரும் தடுக்க முடியாது."

"வர்ற சனி பதினோரு வேஷம்."

"நீயும் அந்தம்மாவும் ரயில்ல போங்க. ரெண்டு பேரும்தான் நல்லா யோசிக்கிறீங்களே, போற வழியில யோசிச்சுக்கிட்டே போங்க."

நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது. இராஜம்மா கோபப்படவில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"போயிட்டு வாங்க. தூண்டில் இருக்கா?"

"புதுசு வாங்கணும். பழசைத்தான் சியாக்காப் உடைச்சிட்டுப் போயிருச்சே."

"ஆமாமா, அந்த ஜப்பான் தூண்டில்" என்றாள் இராஜம்மா. "இன்னிக்குப் படத்துலகூட எல்லாரும் எவ்வளவு கைதட்டினாங்க. கௌசலா அதைப் பத்தி என்கிட்ட ஒரு விஷயம் சொன்னாங்க. அன்னிக்கு நீங்க தே தாரிக் வாங்கப் போயிருந்தப்ப, சிவநேசன் அண்ணன் கால் வலிக்குதுன்னு உக்காந்தாராம். எது மேல உக்காந்தாருன்னு…"

நிறுத்தினாள். காரின் வேகம் தானாகக் குறைந்தது. பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்தது.

"சொல்லட்டுமா?" என்றாள். "சொன்னா கோபப்படுவீங்க. சனிக்கிழமை வீட்டுலயே இருந்துருவீங்க. சமையலறைக் குழாய்கூட லேசா ஒழுகுது."

பக்கிரிசாமி பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு லோரிக்கு வழி விட்டார்.

"நாடகம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.